நிகழ்வட்டின் வழியே கணினி வன்பொருளை அறிதல்

கணினியின் வன்தட்டில் எதையும் நிறுவாமல், ஒரு முழு இயங்குதளத்தைக் குறுவட்டிலிருந்தே இயக்கிக் காட்டும் வட்டு நிகழ்வட்டு எனப்படும். பேச்சு வழக்கில் இதை லைவ் சிடி என்பர். வட்டை இட்டுக் கணினியைத் தொடங்கினால் சில நிமிடங்களில் முழுத் திரை தோன்றும். அணைத்துவிட்டு வட்டை வெளியே எடுத்தால் கணினி முன்பு இருந்தபடியே இருக்கும். லினக்ஸ் எப்படி இருக்கும் என்று பிறருக்குக் காட்டுவதற்காக உருவான இவ்வட்டுக்கு விரைவிலேயே வேறொரு பயனும் ஏற்பட்டது. ஒரு கணினிக்குள் என்னென்ன பாகங்கள் உள்ளன என்பதை, விற்பவர் சொல்லையும் மேலே ஒட்டிய சீட்டையும் மட்டும் நம்பாமல், அக்கணினியிடமே கேட்டு அறியலாம் என்பதே அப்பயன்.

பழைய கணினிகள் கைமாறும் இடங்களில் இந்த அறிவுக்கு நேரடியான பண மதிப்பு உண்டு. ஒரு கணினி மீண்டும் ஒரு மாணவரின் மேசைக்குப் போகுமா, கிலோ கணக்கில் எடை போட்டு உடைக்கப்படுமா என்பது, அதற்குள் இருப்பது என்ன, அது இயங்குகிறதா என்ற இரண்டு கேள்விகளைப் பொறுத்தது. துறைமுகமும் ஆலைகளும் பழைய பொருள் வணிகமும் ஒருங்கே அமைந்த வட சென்னைக்கு இக்கேள்விகள் புதியவை அல்ல.

துறைமுகமும் காயலான் கடையும்

தென்னிந்தியாவின் முதல் இரயில் பாதை 1856-இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை போடப்பட்டது. கடல் வழி வந்த சரக்கு உள்நாட்டுக்குச் செல்லும் வாயிலாக அப்பகுதி அமைந்தது. 1983-இல் சென்னைத் துறைமுகத்தில் கண்டெய்னர் முனையம் திறக்கப்பட்டது. 2001-இல் எண்ணூர்த் துறைமுகம் செயல்படத் தொடங்கியது. பின்னர் அது காமராசர் துறைமுகம் எனப் பெயர் பெற்றது. இன்று எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசை கட்டி நிற்கும் கண்டெய்னர் லாரிகள் அப்பகுதி மக்களின் அன்றாடக் காட்சி. சரக்குப் பட்டியலில் எழுதியிருப்பதும் பெட்டிக்குள் இருப்பதும் ஒன்றுதானா என்று திறந்து பார்ப்பது சுங்கத் துறையினரின் வேலை.

பழைய இரும்பு, செம்பு, எந்திர உறுப்புகள் ஆகியவற்றை வாங்கி விற்கும் கடைகளைச் சென்னையில் காயலான் கடை என்பர். காயல்பட்டினத்து வணிகர்கள் இத்தொழிலில் ஈடுபட்டதால் இப்பெயர் வந்தது என்று கூறுவர். இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் ஆகிய பகுதிகளின் தெருக்களில் இக்கடைகளைக் காணலாம். 1990-களுக்குப் பின் அலுவலகங்கள் கழித்துக்கட்டிய கணினிகளும் இக்கடைகளுக்கு வரத் தொடங்கின.

ஒரு பொருளை அதன் எண்ணைக் கொண்டு அறியும் பழக்கம் இப்பகுதித் தொழிலாளர்களுக்கு முன்பே உண்டு. திருவொற்றியூரில் 1950-களின் நடுப்பகுதி முதல் என்பீல்டு மோட்டார் சைக்கிள்கள் உருவாயின. எண்ணூரில் அசோக் லேலண்டின் ஆலை லாரிகளை உருவாக்கியது. வண்டிக்குப் புது வண்ணம் பூசலாம், இருக்கையை மாற்றலாம். ஆனால், என்ஜின் மீதும் சேஸிஸ் மீதும் வெட்டப்பட்ட எண்ணைப் பார்த்த பிறகே பழைய வண்டிக்கு விலை பேசுவர். கணினியிலும் இப்படி எண்கள் உண்டு. அவற்றைக் கண்ணால் படிக்க முடியாது என்பதே வேறுபாடு. அவற்றைப் படிக்க ஒரு மென்பொருள் வேண்டும். அம்மென்பொருளை இயக்க ஓர் இயங்குதளம் வேண்டும். விற்பனைக்கு வரும் பழைய கணினியிலோ பெரும்பாலும் இயங்குதளம் இருப்பதில்லை. தகவல் பாதுகாப்புக்காக வன்தட்டையே கழற்றிக்கொண்டு விற்கும் நிறுவனங்களும் உள்ளன. வன்தட்டே இல்லாத கணினியையும் நிகழ்வட்டு எழுப்பிப் பேச வைக்கும்.

பெட்டியைத் திறந்து பார்த்த காலம்

1981-இல் ஐபிஎம் நிறுவனம் தனிநபர் கணினியை வெளியிட்டபோது, அதில் செருகிய அட்டைகளுக்குத் தம்மை அறிமுகம் செய்துகொள்ளும் திறன் இல்லை. ஐஎஸ்ஏ எனப்பட்ட அக்காலச் செருகுதுளையில் ஓர் அட்டையைப் பொருத்தினால், அது எந்த முகவரியில் பேசும், எந்தக் குறுக்கீட்டுக் கோட்டைப் பயன்படுத்தும் என்பதை அட்டை மேலுள்ள சிறு ஜம்பர்களை மாற்றி மனிதரே அமைக்க வேண்டும். இரண்டு அட்டைகள் ஒரே கோட்டைக் கேட்டால் இரண்டுமே முடங்கலாம். உள்ளே இருப்பது என்ன என்று தெரிய, திருகாணியைக் கழற்றி, மூடியைத் திறந்து, சில்லுகளின் மேல் அச்சிட்ட எழுத்தை விளக்கு வெளிச்சத்தில் படிக்க வேண்டியிருந்தது.

1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் நிறுவனம் பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் தொடங்கியது. வீடுகளுக்குத் தொலைபேசி வழி இணையம் வந்ததும் மோடம் என்னும் கருவி பரவியது. 1990-களின் இறுதியில் விலை மலிவான உள்செருகு மோடம்கள் சந்தையை நிறைத்தன. அவற்றில் பல, சைகைகளைக் கையாளும் வேலையைத் தாமே செய்யாமல் விண்டோஸில் இயங்கும் மென்பொருளிடம் விட்டுவிட்டன. அவற்றை லினக்ஸில் இயக்க வேண்டுமானால் உள்ளிருக்கும் சில்லு லூசண்டா, கோனெக்ஸண்டா, மோட்டரோலாவா, ஸ்மார்ட் லிங்கா என்று முதலில் தெரிய வேண்டும். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு இயக்கி மென்பொருள். அட்டைப்பெட்டியின் மேலிருந்த வணிகப் பெயர் இதற்கு உதவவில்லை. ஒரே பெயரில் வெவ்வேறு சில்லுகள் கொண்ட மோடம்கள் விற்கப்பட்டன. வணிகப் பெயர் வேறு, உள்ளிருக்கும் பொருள் வேறு என்பதைக் கணினிப் பயனர்கள் பலருக்கு இந்த மோடம்களே கற்றுத் தந்தன.

தம்மைச் சொல்லும் அட்டைகள்

1992-இல் இன்டெல் அறிமுகப்படுத்திய பிசிஐ என்னும் இணைப்பு முறை இந்நிலையை மாற்றியது. இதன்படி, ஒவ்வோர் அட்டையும் தன்னுள் 256 பைட்டு அளவுள்ள ஒரு குறிப்புப் பகுதியைக் கொண்டிருக்க வேண்டும். அதன் முதல் இரண்டு பைட்டுகள் தயாரிப்பாளரின் எண். அடுத்த இரண்டு பைட்டுகள் கருவியின் எண். கருவி எந்த வகையைச் சேர்ந்தது, காட்சி அட்டையா, வலைப்பின்னல் அட்டையா, ஒலி அட்டையா என்பதற்கும் தனி எண் உண்டு. இன்டெல்லின் தயாரிப்பாளர் எண் 8086. அது 1978-இல் அந்நிறுவனம் வெளியிட்ட புகழ்பெற்ற செயலியின் பெயரே ஆகும். ஏஎம்டிக்கு 1022, வியாவுக்கு 1106, சிஸ் நிறுவனத்துக்கு 1039 என எண்கள் உள்ளன. 1996-இல் வந்த யுஎஸ்பியும் இதே போன்ற இரட்டை எண் முறையைக் கைக்கொண்டது.

எண் கிடைத்தால் மட்டும் போதாது. அதற்கு உரிய பெயர் தெரிய வேண்டும். செக் நாட்டைச் சேர்ந்த மார்ட்டின் மாரெஷ் எழுதிய பிசிஐ கருவித் தொகுப்பில் எல்எஸ்-பிசிஐ என்னும் கட்டளை உள்ளது. அது கணினியிலுள்ள பிசிஐ கருவிகளின் எண்களைப் படித்து, ஒரு பெயர்ப் பட்டியலோடு ஒப்பிட்டு, மனிதர் படிக்கத்தக்க பெயரைக் காட்டும். அந்தப் பெயர்ப் பட்டியல் அனைவருக்கும் திறந்தது. பட்டியலில் இல்லாத கருவியைத் தம் கணினியில் கண்டவர்கள் அதன் எண்ணையும் பெயரையும் அனுப்பிவைக்க, தன்னார்வலர்கள் சரிபார்த்துச் சேர்த்தனர். பல நாட்டவர் தத்தம் மேசையில் கண்டதைச் சொல்லி வளர்த்த அகராதி அது. இராயபுரத்தில் ஒருவர் பழைய கணினியில் இக்கட்டளையை இடும்போது, முன்பின் அறியாத ஒருவர் எங்கிருந்தோ அனுப்பிய பெயர் அவர் திரையில் தோன்றுகிறது.

நிகழ்வட்டின் பிறப்பு

1992-இல் வெளியான இக்ட்ராசில் லினக்ஸ், குறுவட்டிலிருந்தே இயங்கும் திறன் கொண்டது. ஆனால், அக்காலக் கணினிகளால் குறுவட்டிலிருந்து நேரடியாகத் தொடங்க இயலாது. முதலில் ஒரு நெகிழ்வட்டைச் செருகியே எழுப்ப வேண்டும். 1995-இல் பீனிக்ஸ், ஐபிஎம் நிறுவனங்கள் இணைந்து எல் டொரிட்டோ என்னும் விதிமுறையை வெளியிட்டன. அதன் பின் வந்த கணினிகள் குறுவட்டிலிருந்து தாமே தொடங்கக் கற்றன. 1998-இல் பிரான்சில் டெமோலினக்ஸ் உருவானது.

நிகழ்வட்டைப் பரவலாக்கியது நாப்பிக்ஸ். செருமானியப் பொறியாளர் கிளவுஸ் நாப்பர் 2000-இல் இதை வெளியிட்டார். 700 மெகாபைட்டு வட்டில் சுமார் 2 கிகாபைட்டு மென்பொருளைச் சுருக்கி அடைத்து, தேவைப்படும் பகுதியை மட்டும் அவ்வப்போது விரித்துப் பயன்படுத்தும் உத்தியை அவர் கையாண்டார். அதைவிட முக்கியமானது தானியங்கி வன்பொருள் அறிதல். வன்தட்டில் நிறுவிய இயங்குதளத்துக்குத் தன் கணினி எது என்று தெரியும். நிகழ்வட்டுக்கோ ஒவ்வொரு முறையும் முன்பின் தெரியாத கணினி வாய்க்கலாம். எனவே அது விழித்தவுடன் ஒவ்வொரு கருவியையும் எண் கேட்டு, அதற்கேற்ற இயக்கியைத் தேடி, பயனர் எதையும் சொல்லாமலே திரையையும் ஒலியையும் வலைப்பின்னலையும் இயக்க வேண்டும். தொடக்கத்தில் ரெட் ஹாட் நிறுவனத்தின் குட்சு என்னும் நிரல் தொகுப்பு இதற்கு உதவியது. பின்னர் லினக்ஸ் கருவே இந்த வேலையை ஏற்றது: கருவி தன் எண்ணை அறிவிக்க, அந்த எண்ணைக் கையாளத் தெரிந்த இயக்கி தானாக ஏற்றப்படுகிறது.

வன்பொருளை அடையாளம் காட்டுவது நிகழ்வட்டின் முதல் நோக்கமன்று. ஆயினும் அறியாத கணினியில் இயங்க வேண்டும் என்ற தேவையே அதைச் சிறந்த அடையாளக் கருவியாக ஆக்கியது.

தமிழ்நாட்டில் நிகழ்வட்டு

தொலைபேசி வழி இணையத்தில் 700 மெகாபைட்டைப் பதிவிறக்கப் பல நாள்கள் பிடிக்கும். எனவே இந்தியாவில் லினக்ஸ் பெரும்பாலும் வட்டாகவே கைமாறியது. பிசி குவெஸ்ட் இதழ் 1996 முதல் லினக்ஸ் குறுவட்டுகளை இதழோடு சேர்த்து வழங்கியது. 2003-இல் தொடங்கிய லினக்ஸ் பார் யூ இதழும் வட்டோடு வந்தது. ஒருவர் வாங்கிய இதழின் வட்டைப் பலர் படியெடுத்துக்கொள்வது வழக்கம். கட்டற்ற மென்பொருள் உரிமம் அதற்கு இடம் தந்தது.

சென்னையில் லினக்ஸ் பயனர் குழு 1998-இல் தொடங்கியது. சென்னை ஐஐடி வளாகத்தில் நடந்த அதன் மாதக் கூட்டங்களில் தொழில் வல்லுநர்களும் கல்லூரி மாணவர்களும் ஒன்றாக அமர்ந்தனர். கட்டற்ற மென்பொருள் குழுக்கள் நடத்தும் நிறுவல் விழாக்களில், பயனர்கள் தம் கணினிகளைத் தூக்கிக்கொண்டு வருவர். நிறுவும் முன் நிகழ்வட்டை ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது அங்கு நல்ல வழக்கம். கம்பியில்லா வலைப்பின்னல் வேலை செய்கிறதா, திரை சரியாகத் தெரிகிறதா என்று பார்த்த பின்பே வன்தட்டில் கை வைப்பர். 2012 முதல் வெளிவரும் கணியம் மின்னிதழ் இத்தகைய செய்திகளைத் தமிழில் எழுதி வருகிறது.

2004 அக்டோபரில் உபுண்டு வெளியானது. அதன் வட்டுகளைக் கேட்டு எழுதினால் கட்டணமின்றி அஞ்சலில் வீட்டுக்கே அனுப்பினர். தொடக்கத்தில் ஓர் உறையில் இரண்டு வட்டுகள் இருக்கும். ஒன்று நிறுவுவதற்கு, மற்றது நிகழ்வட்டு. 2006-இல் இரண்டும் ஒரே வட்டாயின. 2011-இல் இந்த இலவச அஞ்சல் சேவை நிறுத்தப்பட்டது. அதுவரை, இணைய இணைப்பே இல்லாத வீடுகளுக்கும் அஞ்சல்காரர் வழியாக நிகழ்வட்டு சென்றது.

அரசு சார்ந்த முயற்சிகளும் இதே காலத்தில் நடந்தன. 2005-இல் சென்னையில் சி-டாக் நிறுவனமும், குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்திலுள்ள ஏயு-கேபிசி ஆய்வு மையமும் இணைந்து, கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தை உருவாக்கின. அங்கிருந்து 2007-இல் பாஸ் லினக்ஸ் வெளியானது. டெபியனை அடிப்படையாகக் கொண்ட அதில் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கு இடமிருந்தது. தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம் அதே காலத்தில் தன் கணினிகளில் சூசே லினக்ஸுக்கு மாறியது. 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கப்பட்டது. அம்மடிக்கணினிகளில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. வீட்டில் முதன்முதலாகக் கணினியைக் கண்ட மாணவர் பலருக்கு அதுவே முதல் லினக்ஸ்.

சந்தையில் விண்டோஸ் பயனர்களுக்கும் நிகழ்வட்டு உதவியது. பழைய கணினியில் விண்டோஸ் எக்ஸ்பியை மீண்டும் நிறுவினால், பல வேளைகளில் வலைப்பின்னல் அட்டை அடையாளம் தெரியாத கருவியாக நிற்கும். இயக்கியைப் பதிவிறக்க வலைப்பின்னல் வேண்டும். வலைப்பின்னல் இயங்க இயக்கி வேண்டும். இந்த முடிச்சை அவிழ்க்க நிகழ்வட்டை ஓட்டி, சில்லின் பெயரைக் குறித்துக்கொண்டு, வேறொரு கணினியில் அதற்குரிய இயக்கியைப் பதிவிறக்குவது எளிய வழியாக அமைந்தது.

வட்டு எதை எப்படிக் காட்டுகிறது

ஒரு மாணவர் பழைய கணினி ஒன்றை வாங்கப் போகிறார் என்று கொள்வோம். "கோர் ஐ5, 8 ஜிபி" என்கிறார் விற்பவர். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால், ஐ5 என்ற பெயரில் 2009 முதல் பல தலைமுறைச் செயலிகள் வந்துள்ளன. ஐ5-2400 என்பது 2011-இல் வந்தது. ஐ5-8400 என்பது 2017-இல் வந்தது. மேலே ஒட்டிய சீட்டு இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே. விலையும் எஞ்சிய ஆயுளும் ஒன்றல்ல.

நிகழ்வட்டில் தொடங்கிய பின் முனையத்தைத் திறந்து எல்எஸ்-சிபியு என்னும் கட்டளையை இட்டால் செயலியின் முழுப் பெயர் வரும். இப்பெயர் வன்தட்டிலிருந்து வருவதன்று, செயலிக்குள்ளேயே பொறிக்கப்பட்டது. கணினியில் ஏற்கெனவே உள்ள விண்டோஸ் காட்டும் பெயரை அதன் பதிவேட்டில் மாற்றிவிட வழியுண்டு. வாங்குபவர் தாமே கொண்டுவந்த வட்டு அந்த விண்டோஸைத் தொடுவதே இல்லை. நிகழ்வட்டுச் சோதனையின் வலிமை இதுவே. அக்கட்டளை செயலி 64 பிட்டு வகையா என்பதையும் காட்டும். உபுண்டு தன் 17.10 பதிப்பிலிருந்து 32 பிட்டுக் கணினிகளுக்கான மேசைக்கணினி வட்டுகளை நிறுத்திவிட்டதால், பழைய கணினிகளில் இக்கேள்வி முக்கியமானது.

அடுத்தது நினைவகம். டிஎம்ஐ-டிகோட் என்னும் கட்டளை, தாய்ப்பலகையில் தயாரிப்பாளர் எழுதிவைத்த அட்டவணையைப் படித்துக் காட்டும். எத்தனை நினைவகத் துளைகள் உள்ளன, எவை நிரம்பியுள்ளன, ஒவ்வொன்றிலும் உள்ளது டிடிஆர்2 வகையா, டிடிஆர்3 வகையா, டிடிஆர்4 வகையா என்பன அதில் இருக்கும். ஒரு வகைப் பட்டை மற்றொன்றின் துளையில் பொருந்தாது. எனவே பின்னாளில் நினைவகத்தைக் கூட்ட விரும்புவோர் இதை முன்பே அறிவது நல்லது. 8 கிகாபைட்டு ஒரே பட்டையாக இருந்தால் மற்றத் துளை காலியாக இருக்கலாம். இரண்டு துளைகளையும் நான்கு நான்காக நிரப்பியிருந்தால், கூட்டுவதற்குப் பழைய பட்டையைக் கழற்ற வேண்டும். நினைவகம் பழுதற்றதா என்று சோதிக்க மெம்டெஸ்ட்86 வழிவந்த நிரல்கள் பல வட்டுகளின் தொடக்கப் பட்டியலிலேயே உள்ளன. முதல் மெம்டெஸ்ட்86 நிரலை 1994-இல் கிறிஸ் பிராடி எழுதினார்.

வன்தட்டு உடன் வந்தால் ஸ்மார்ட்-சிடிஎல் கட்டளை பயன்படும். வன்தட்டு தன்னைப் பற்றித் தானே வைத்திருக்கும் கணக்கை அது காட்டுகிறது. எத்தனை மணி நேரம் ஓடியது, பழுதாகி மாற்றி ஒதுக்கப்பட்ட பகுதிகள் எத்தனை என்பன அதில் முக்கியமானவை. ஓர் ஆண்டு முழுவதும் அணைக்காமல் ஓடினால் 8,760 மணி ஆகும். 26,280 மணி காட்டும் தட்டு மூன்று ஆண்டுகள் இடைவிடாது சுழன்றது என்று பொருள். மாற்றி ஒதுக்கப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனால், அத்தட்டில் முக்கியமான கோப்புகளை வைப்பது ஆபத்து.

எல்எஸ்-பிசிஐ, எல்எஸ்-யுஎஸ்பி கட்டளைகள் மற்றக் கருவிகளைச் சொல்லும். கட்டளை இட விரும்பாதவர்களுக்கு இதே செய்திகளைப் பட்டியலாகக் காட்டும் நிரல்களும் உண்டு. ஒலி, ஒளிப்படக்கருவி, கம்பியில்லா வலைப்பின்னல் ஆகியவற்றை அங்கேயே இயக்கிப் பார்க்கலாம். பெயர் தெரிவது ஒன்று, வேலை செய்வது மற்றொன்று. இரண்டையும் ஒரே அமர்வில் பார்த்துவிட முடிகிறது.

இச்சோதனையின்போது ஓர் எச்சரிக்கை தேவை. பெரும்பாலான நிகழ்வட்டுகளின் திரையில் "நிறுவுக" என்னும் பொத்தானும் இருக்கும். அதை அழுத்தித் தொடர்ந்தால் வன்தட்டிலுள்ளவை அழியக்கூடும். சோதிக்க வந்தவர் அதைத் தொடாமல் இருப்பதே முறை, குறிப்பாகக் கணினி இன்னும் பிறருடையதாக இருக்கும்போது.

வட்டு சொல்லாதவை

நிகழ்வட்டு காட்டுவதெல்லாம் கணினியின் பாகங்கள் தம்மைப் பற்றிச் சொல்லும் செய்திகளே. அச்செய்திகளை எழுதியவர் தயாரிப்பாளர். சில தாய்ப்பலகைகளில் கணினியின் பெயருக்கான இடத்தில், "இதைத் தயாரிப்பாளர் நிரப்ப வேண்டும்" என்னும் பொருள்படும் ஆங்கிலத் தொடரே நிற்கும். நிரப்ப வேண்டியவர் நிரப்பவில்லை. வன்தட்டின் ஓட்ட நேரக் கணக்கை அழித்துச் சுழியாக்கும் மோசடியும் உண்டு. ஐந்தாண்டு பழைய தட்டு வெறும் 12 மணி நேரம் ஓடியதாகக் காட்டினால், மகிழ்வதைவிட ஐயப்படுவதே அறிவு.

கண்ணும் காதும் மூக்கும் செய்ய வேண்டிய வேலைகளும் உள்ளன. 2000-களின் தொடக்கத்தில் வந்த பல தாய்ப்பலகைகளில் மின்தேக்கிகள் உப்பி வெடித்தன. உலகெங்கும் பேசப்பட்ட குறை அது. உப்பிய மின்தேக்கியை எந்தக் கட்டளையும் காட்டாது. தேய்ந்த விசிறியின் இரைச்சல், மின்வழங்கியின் தீய்ந்த வாடை, கடலோரக் காற்றின் ஈரத்தால் இணைப்பு முனைகளில் ஏறிய பச்சைக் களிம்பு ஆகியவற்றையும் நேரில் பார்த்தே அறிய வேண்டும். கடலை ஒட்டிய இராயபுரம், எண்ணூர் போன்ற இடங்களில் கடைசியாகச் சொன்னதைக் கவனிப்பது நல்லது. வட்டுச் சோதனையும் கைச் சோதனையும் சேர்ந்தால்தான் சோதனை முழுமை பெறும்.

எடைக்கா, பயனுக்கா?

காயலான் கடையில் கணினிக்கு இரண்டு விலை உண்டு. ஒன்று எடையின் விலை: இரும்புக் கூடு, செம்புக் கம்பி, மின்சுற்றுப் பலகை என்று பிரித்துக் கணக்கிடுவது. மற்றொன்று பயனின் விலை: இயங்கும் கணினியாக விற்பது. இயங்குமா என்று தெரியாத கணினி எளிதில் எடைக் கணக்குக்குப் போய்விடும். அங்கிருந்து அது செல்லும் வழி நல்லதன்று. பழைய படக்குழாய்த் திரைகளின் கண்ணாடியில் காரீயம் உண்டு. செம்புக்காகக் கம்பியின் நெகிழி உறையை எரித்தால் நச்சுப் புகை எழும். பலகையிலுள்ள சிறிதளவு தங்கத்துக்காக அமிலத்தில் ஊறவைத்தால் கழிவு மண்ணிலும் நீரிலும் கலக்கும். முறையான பாதுகாப்பின்றி இவ்வேலைகளைச் செய்பவர்களும் அவர்கள் வசிக்கும் தெருவும் இதன் தீங்கைச் சுமக்கின்றனர். ஆலைப் புகையும் அனல்மின் நிலையச் சாம்பலும் ஏற்கெனவே சூழ்ந்த பகுதிக்கு இது கூடுதல் சுமை.

நாடுகளுக்கிடையிலான சட்டமும் இதே கேள்வியில்தான் வந்து நிற்கிறது. தீங்கான கழிவுகள் நாடுவிட்டு நாடு கடத்தப்படுவதைக் கட்டுப்படுத்தும் பேசல் உடன்படிக்கை 1989-இல் உருவானது. இந்தியா 1992-இல் அதை ஏற்றது. ஒரு கண்டெய்னரில் வரும் பழைய கணினிகள் பயன்படுத்தத்தக்க பொருளா, கழிவா என்பது நீண்டகால வாதம். 2015-இல் அவ்வுடன்படிக்கையின் கீழ் ஏற்கப்பட்ட இடைக்கால வழிகாட்டி நெறிகள், கருவி இயங்குகிறதா என்ற சோதனைக்கு முக்கிய இடம் தந்தன. இந்தியாவில் மின்கழிவு விதிகள் 2011-இல் அறிவிக்கப்பட்டு 2012 மே மாதம் முதல் நடைமுறைக்கு வந்தன. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள புதிய விதிகள், பழைய கருவிகளைச் சீர்செய்து மீண்டும் பயனுக்குக் கொண்டுவருபவர்களையும் பதிவு பெற வேண்டியவர்களில் ஒரு பிரிவாகக் குறிப்பிடுகின்றன.

வட்டிலிருந்து விரலிக்கு

இன்றைய மடிக்கணினிகள் பலவற்றில் குறுவட்டு இயக்கியே இல்லை. நிகழ்வட்டு இப்போது விரலி எனப்படும் பென் டிரைவில் குடியேறிவிட்டது. ஆனாலும் பழைய பெயரே வழக்கில் நிற்கிறது. ஒரே விரலியில் பல இயங்குதளங்களை வைத்துக்கொள்ளவும் முடிகிறது. 2012-இல் விண்டோஸ் 8-உடன் பரவிய பாதுகாப்புத் தொடக்க முறை, அறிமுகமற்ற விரலிகளைத் தொடங்க விடாமல் தடுப்பதுண்டு. பெரிய லினக்ஸ் வழங்கல்கள் அதற்கான கையொப்பம் பெற்றுள்ளதால் பெரும்பாலும் தடையின்றித் தொடங்குகின்றன.

விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரலில் முடிந்தபோது பழைய கணினிகளின் ஓர் அலை சந்தைக்கு வந்தது. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-இன் வழக்கமான ஆதரவும் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும், இன்டெல் செயலிகளில் ஏறக்குறைய எட்டாம் தலைமுறை முதலானவையும் தேவை. முன்னர்க் கண்ட ஐ5-2400 கணினி அந்த வரம்புக்கு வெளியே நிற்கிறது. ஐ5-8400 கணினி உள்ளே நிற்கிறது. வெளியே நிற்கும் கணினிகள் பழுதானவை அல்ல. கட்டுரை எழுதவும், நிரல் கற்கவும், இணையத்தில் படிக்கவும் அவற்றில் லினக்ஸ் போதுமானது. எந்தக் கணினி எந்தப் பக்கம் நிற்கிறது, எது எந்த வேலைக்கு ஏற்றது என்று பிரித்தறிய ஒரு விரலியும் கால் மணி நேரமும் போதும்.

இருபது ஆண்டுகளுக்கு முன் இதழோடு வந்த வட்டையும் அஞ்சலில் வந்த வட்டையும் தன்னார்வலர்கள் கைமாற்றிப் பரப்பிய அறிவு, இன்று எந்தப் பள்ளிக் கணினி ஆய்வகத்திலும் செய்து பார்க்கத்தக்க எளிய பயிற்சி. ஒதுக்கிவைத்த பழைய கணினிகளில் மாணவர்கள் நிகழ்வட்டை ஓட்டி, செயலி, நினைவகம், வன்தட்டு, வலைப்பின்னல் என்று ஒவ்வொன்றையும் குறிப்பேட்டில் எழுதினால், எந்தக் கணினியைச் சீர்செய்யலாம், எதன் பாகத்தை எதற்கு மாற்றலாம் என்பது அப்பட்டியலிலேயே தெரிந்துவிடும். அப்படிப் பிரித்த பின் உண்மையிலேயே எஞ்சுபவை மட்டும் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் போகட்டும்.